வால் அக்கா ஏறாத பஸ்

எங்கள் ஆஸ்பத்திரியில் நோயாளிகளை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறவளை வால் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். தரை துடைக்கிற என்னைப் போல அவளும் கைநாட்டு. ஆனால் டாக்டர்கள் வாயில் வருகிற இங்கிலீஷ் வார்த்தைகளைக் காதாலேயே பிடித்து வைத்திருந்தாள். தலை எதுவானால் என்ன, வாலைப் பார் என்பாள். வால் ‘ஐடிஸ்’ என்றால் வீக்கம். ‘எக்டமி’ என்றால் வெட்டி எடுக்கப்போகிறார்கள். ‘ஓமா’ என்றால் கட்டி.

“டான்சிலைடிஸா? தொண்டைச் சதை வீங்கியிருக்கு. டான்சிலெக்டமின்னா அதை எடுத்துடுவாங்க. இதுக்குப் போய் அழுவாங்களா!” வண்டியைத் தள்ளிக்கொண்டே சொல்லிவிடுவாள்.

ஒருமுறை கிளாகோமா என்று வந்த பெரியவரிடம், கண்ணில் கட்டி என்று சொல்லிவிட்டாள். அது கட்டியே இல்லை, கண்ணுக்குள் அழுத்தம் என்று நர்ஸ் சொன்னதும், வேலை முடிந்த கையோடு மழையில் அவர் வீட்டைத் தேடிப் போனாள். “தப்பாச் சொன்ன வாய்தானே போய்த் திருத்தணும்?” நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

பிறகு அவளுக்கே வயிற்றுவலி. மயக்க மருந்து கொடுத்துச் செய்கிற சோதனைக்கு நான்தான் கூடப் போனேன். உள்ளே போகும் முன்னால் சொன்னாள்:

“வால் ஓமான்னா நாளைக்கே பஸ் ஏறிடுவேண்டி. தங்கச்சியோட பத்து வருஷச் சண்டை. கால் நடக்கும்போதே போய் முடிச்சுக்கணும்.”

“ஐடிஸ்னா?”

“ஐடிஸ்னா அவ வரட்டும்! நான் என்ன இளைச்சவளா?”

டாக்டர் என்னைத்தான் வெளியே கூப்பிட்டார். கணையத்தில் கார்சினோமா, புற்றுநோய். முற்றிவிட்டது, அறுத்துப் பயனில்லை. ஒரு மாதம் நடமாடுவாள். “பக்குவமா சொல்லுங்க,” என்றார்.

மயக்கம் தெளிந்தவள் தண்ணீர்கூடக் கேட்கவில்லை. “வால் என்னடி?”

“ஐடிஸ்,” என்றேன். “கேஸ்ட்ரைடிஸ். இரைப்பையில வீக்கமாம்.” அந்த வார்த்தையே அவள் எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

“பாத்தியா! அப்ப தங்கச்சிதான் டிக்கெட் எடுக்கணும்.”

மறுவாரமே வண்டி தள்ள வந்துவிட்டாள். தினமும் சொல்ல வாயெடுப்பேன். அவள் நடையைப் பார்த்ததும் துடைப்பத்தோடு அடுத்த வராண்டாவுக்கு நழுவிவிடுவேன்.

ஐந்தாம் வாரம் அவளைக் கட்டிலில் போட்டார்கள். சுற்றி வந்த டாக்டர், கூட வந்த, டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளிடம் கார்சினோமா என்று உரக்கவே சொன்னார். வாளியோடு நின்ற என்னை அவள் பார்த்தாள். திட்டித் தீர்ப்பாள் என்றிருந்தேன்.

“இனி எந்த பஸ்லடி ஏறுவேன்?” என்று மட்டும் கேட்டாள்.

தங்கச்சிக்குப் போன் போட்டேன். அவள் வந்து சேர்ந்தபோது அக்காவுக்குப் பேச்சு நின்றிருந்தது. எல்லாம் முடிந்த பிறகு தங்கச்சி சொன்னாள்: “கடைசிவரைக்கும் வீம்பு. ஒரு நடை வந்திருந்தா குறைஞ்சா போயிருப்பா?” அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

பாசத்தில்தான் பொய் சொன்னேன். யார் வந்து கேட்டாலும் அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் அந்த ஐந்து வாரம் அவளுடையது. எடுத்துக்கொண்டவள் நான்.

தபாலில் போடலாமே என்கிறாள், இதை எழுதுகிற பேத்தி. முடியாது. முழங்கால் வலித்தாலும் நானே பஸ் ஏறிக் கொண்டுபோய் அக்காவின் தங்கச்சி கையில் கொடுக்கிறேன். நேரில் நின்றால் என் வாய் மறுபடியும் ஐடிஸ் என்று சொன்னாலும் சொல்லிவிடும். அதற்குத்தான் இந்தக் காகிதம்.

அம்மா, உங்க அக்கா வரணும்னுதான் இருந்தா. நான்தான் வரவிடலை.