எச்சிலில் தெரியும் வயது

போச்சம்பள்ளியில் ஒரு ஆலையின் பணியாளர் பிரிவில் நான் இருந்தபோது, தொழிலாளர்களுக்கு ஒரு பரிசோதனைப் பெட்டியை இலவசமாகக் கொடுத்தோம். வீட்டிலேயே குழாயில் எச்சில் துப்பி அனுப்பினால், டி.என்.ஏ.வில் ஒட்டியிருக்கும், வயதோடு மாறும் மெத்தில் என்ற வேதிக் குறிகளைப் பார்த்து ஆய்வகத்தில் உடம்பின் வயதைச் சொல்வார்கள்.

எல்லோரும் ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டு வாங்கிப் போனார்கள். உலைப் பிரிவு ஆபரேட்டர் ஒருவர் மட்டும் என் மேஜை முன்னால் நின்றார். நரைத்த மீசை, தீப்பொறி பட்டுத் தழும்பேறிய கைகள். எந்தக் காகிதத்தையும் விரல் வைத்து வரிவரியாகப் படித்த பிறகே கையெழுத்துப் போடுவார்.

“என் வயசுதான் ஆதார்லயே இருக்குதே சார்?”

“இது உடம்போட வயசுண்ணா, எவ்வளவு தேஞ்சிருக்குன்னு சொல்லும். ரிசல்ட் உங்க போனுக்கு மட்டும்தான் வரும்.”

“அப்படின்னு இதுல எங்கயும் போடலையே. உடம்புக்கு அறுபதுன்னு வந்தா, அடுத்த வருசம் கான்ட்ராக்ட் குடுப்பீங்களா?”

“அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுண்ணா.”

“நீங்க துப்பிட்டீங்களா சார்?”

நானும் இன்னும் அனுப்பியிருக்கவில்லை. அவர் ஒப்புதல் தாளைக் கையெழுத்துப் போடாமல் வைத்துவிட்டு ஷிப்டுக்குப் போனார்.

ரிசல்ட் வேறு யாருக்காவது போகுமா என்று மாலையில் மேலாளரிடம் கேட்டேன்.

“உனக்கு எதுக்குப்பா அது? சாம்பிள் குடுக்காதவங்க யாருன்னு லிஸ்ட் எடு” என்றார்.

முதலில் அந்த ஆபரேட்டரின் பெயரை எழுதினேன். அதற்குக் கீழே என் பெயரையும் எழுதினேன்.