துளை அடைபட்ட பெட்டிகள்

“இந்தச் சேத்துப் பெட்டியில நுளம்பு முட்டை போடாதுன்னு எந்தப் புத்தகத்துல போட்டிருக்கு, மகள்?”

அம்மா கேட்டபோது நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “எனக்குத் தெரியாததா? சும்மா இருங்கம்மா,” என்றேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்தவள் நான் ஒருத்திதான். வீட்டில் என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் வெயில் சரியாக விழாத சிமெந்து முற்றம். அங்கே ஒரு சதுப்புத் தோட்டம் வைக்க ஆசைப்பட்டேன். பேலியகொடை மீன் சந்தையில் பெட்டி தூக்கும் அப்பா, மீனுக்கு ஐஸ் போட்டுக் கழித்துப்போட்ட வெள்ளை ரெஜிபோம் நுரைப் பெட்டிகள் ஆறு கொண்டுவந்தார்.

“மீன் நாத்தம் போகாது. பரவாயில்லையா?”

“சேம்புக்கு மூக்கு இல்ல அப்பா.”

அவர் நெடுநேரம் சிரித்தார்.

ஒவ்வொரு பெட்டியிலும் விளிம்புக்கு நான்கு விரல் கீழே துளைகள் போட்டேன். மண் எப்போதும் சேறாக இருக்க வேண்டும். மேலே தண்ணீர் தேங்கக் கூடாது. மிஞ்சியது துளை வழியே போய்விடும். துளைப் பக்கத்தைச் சுவரோரம் திருப்பி வைத்து, சேம்பும் வல்லாரையும் கல்வாழையும் நட்டேன். துளை எதற்கு என்று அப்பாவிடம் சொல்லத் தோன்றவில்லை.

பிறகு மழை பிடித்தது. நான் வேலைக்குப் போவதும் வருவதுமாக இருந்தேன். சேம்பு இலைகள் முறம்போல விரிந்திருந்தன. அதைப் பார்த்துப் பெருமைப்பட்டேன், அடியில் குனிந்து பார்க்கவில்லை.

அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் டெங்கு என்றார்கள். நான்காம் நாள் அவருடைய பல் ஈறில் இரத்தம்.

அதற்கு அடுத்த நாள் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்கு வந்தார். சேம்பு இலையை விலக்கினார். இரண்டு விரல் ஆழத்துக்குத் தெளிந்த தண்ணீர், அதில் நெளியும் நுளம்புக் குடம்பிகள். பெட்டியை அவர் இழுத்துத் திருப்பியபோதுதான் பார்த்தேன்: என் துளைகள் எல்லாவற்றின் மீதும் பழுப்பு டேப், இரண்டு அடுக்கு, கச்சிதமாக.

“ஓட்டையா இருந்திச்சு, நான்தான் அடைச்சேன்,” என்றார் அப்பா என்னிடம், மெதுவாக. ஒழுகும் பெட்டிக்காக லொறிக்காரர்களிடம் ஆயுள் முழுக்க ஏச்சு வாங்கியவர். டேப் எப்போதும் அவருடைய சட்டைப் பையில் இருக்கும்.

இதை யார் வைத்தது என்று பரிசோதகர் சிங்களத்தில் கேட்டார்.

“மம தமய் மாத்தயா,” என்றார் அப்பா. நான்தான் ஐயா.

பரிசோதகர் எழுதிய வழக்குப் படிவத்தை அப்பா வாங்கி என்னிடம் நீட்டினார். “என்னா போட்டிருக்கு மகள்?”

“நீங்க வச்சதாப் போட்டிருக்கு. கோர்ட்டுக்கு வரணுமாம்.”

“சரிதானே,” என்று பெருவிரலை மையில் வைத்தார். நான்தான் என்று சொல்லிக் கோர்ட்டுக்குப் போனால் என் வேலைக்கு என்ன ஆகும் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். யோசித்து முடிப்பதற்குள் பரிசோதகர் போய்விட்டார்.

அம்மா பிழைத்து வந்தார். தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்கிறது. பின்கதவுப் படியில் உட்கார்ந்து, பெட்டிகளை அகற்றிய வெறும் சிமெந்தைப் பார்க்கிறார். அந்தக் கேள்வியை என்னிடம் மறுபடி கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வழக்குக்கு இன்னும் நாள் இருக்கிறது. நேற்றுக் காலை வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் பரிசோதகரின் அலுவலகத்துக்குப் போனேன். பெட்டிகளை வைத்தது நான், துளை எதற்கென்று அப்பாவுக்குச் சொல்லாததும் நான் என்று எழுதி, என் முழுப் பெயரையும் போட்டு, கையெழுத்து வைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.