காக்காவின் ஜனாஸா யாருக்காகவும் காத்திருக்கவில்லை

ஊருக்கே அண்ணன் மாதிரியான நிந்தவூர் ஆதம்பாவா காக்கா மௌத்தாகிவிட்டார் என்ற செய்தி, அதிகாலை சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் வந்தது. இன்னாலில்லாஹி சொன்னேன். அடுத்த மூச்சிலேயே அந்த அரசியல்வாதியின் நினைவு வந்தது. அவர் பெயரை எழுதமாட்டேன். அஞ்சலிப் பதாகையில் காக்காவின் படத்தைவிடத் தன் படத்தைப் பெரிதாகப் போட்டிருக்கிறார், பார்த்துக்கொள்ளுங்கள்.

காக்கா ஏன் விமான நிலையம், விமான நிலையம் என்று அலைந்தார் என்பது அவரை அறிந்தவர்களுக்குத் தெரியும். கட்டாரில் லொறி ஓட்டிக்கொண்டிருந்தவர், உம்மா மௌத்தான செய்தி கேட்டு ஓடி வந்தார். கொழும்புப் பக்கம் கட்டுநாயக்காவில் இறங்கி, நாட்டையே குறுக்கே கடந்து வீட்டு வாசலில் வந்து நின்றபோது, அடக்கம் முடித்து ஆட்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். மையித்தை அடக்காமல் வைத்துக்கொண்டிருப்பது நம் வழக்கமில்லை. “நான் ஆரையும் குத்தம் செல்லல்ல. பிளேன் நம்மட பக்கத்துல எறங்கியிருந்தா உம்மாட முகத்தெ பாத்திருப்பன்” என்பார்.

நம் கிழக்குக் கரையோர விமான நிலையம் முதலில் படையினருக்கு மட்டுமான ஓடுபாதை. பிறகு கொழும்புக்குப் பறக்கும் சின்ன விமானங்கள் வந்தன. பிறகு ஓடுபாதையைப் புதுப்பித்து, பெயரில் ‘சர்வதேச’ என்ற சொல்லையும் சேர்த்தார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் காக்கா, ஊரோடு தங்கித் திறந்த தன் டயர்க் கடையைப் பூட்டிவிட்டு மனுக் கொடுக்கப் போனார், நானும் கூடப் போனேன். அந்த அரசியல்வாதியோ தேர்தலுக்குத் தேர்தல், அடுத்த வருசமே வளைகுடாவுக்கு விமானம் என்றார்.

ஒருநாள் அவருடைய கல்முனைக் கூட்டத்தில் காக்கா எழும்பிக் கேட்டார்: “பேரு பெரிசாத்தான் இரிக்கி சேர். நம்மட புள்ளையள் இதுல வந்து எறங்கிற எப்ப?”

அந்த மனிதர் ஒலிவாங்கியிலேயே சிரித்தார். “காக்காக்கு ஆகாயக் கிறுக்கு. ஆராவது வீட்ட கூட்டிட்டுப் போங்க.”

மண்டபமே சிரித்தது. இதை வாசிக்கும் உங்களில் சிலரும் சிரித்தீர்கள். முகங்கள் எனக்கு நினைவிருக்கின்றன. திரும்பும்போது மோட்டார் சைக்கிளின் பின்னாலிருந்து காக்கா சொன்னார்: “சிரிச்சவனுகள உடு. அவன மட்டும் நான் மன்னிக்கல்ல. மஹ்ஷர்ல, அல்லாஹ்ட முன்னால கேப்பன்.”

காக்கா மௌத்தான அன்று, அவருக்குத் தம்பி முறையான என்னை அவருடைய ஒரே மகன் கட்டாரிலிருந்து அழைத்தான். “நான் வந்து சேர நாளைக்கி பின்னேரம் அசறாகிடும் சாச்சா. எனக்காக வாப்பாவ வெச்சிருக்க வேணாம்.” நண்பகல் லுஹருக்குப் பிறகு அடக்கம் என்று முடிவெடுத்தோம்.

கொஞ்ச நேரத்தில் அந்த மனிதரின் செயலாளர் அழைத்தார். “சேர் கொழும்பால வாறாரு. அசறு மட்டும் வெச்சிருங்க.” பக்கத்தில் நின்ற பெரியவர்கள் தலையாட்டத் தயாரானார்கள்.

“பெத்த மகனுக்கே வெச்சிருக்கல்ல. சேருக்கு வெக்கேலா” என்று தொலைபேசியை வைத்தேன்.

அவர் மையவாடிக்கு வந்தபோது கபுறை மண் போட்டு மூடிவிட்டோம். “கொஞ்சம் பொறுத்திருக்கலாமே, நானும் சந்தூக்குக்குத் தோள் குடுத்திருப்பனே” என்று எல்லோருக்கும் கேட்கக் குறைப்பட்டார்.

“இத்தன வருசமா நாங்க உங்களுக்காகக் காத்திருந்தது காணும் சேர்” என்றேன். அவர் முகம் செத்துப்போனது. எனக்கு வயிறு குளிர்ந்தது.

மையவாடியில் நின்று இப்படிக் கதைக்கலாமா என்று பிறகு சிலர் கேட்டார்கள். மறுநாள் மகன் வந்து, வாப்பாவின் முகத்துக்குப் பதிலாக ஈர மண்ணைப் பார்த்து அழுதபோது அவர்களில் ஒருவரும் அங்கே இருக்கவில்லை. காக்காவின் கோபத்தை நான் எடுத்துக்கொண்டேன். அந்த மனிதரை மன்னிக்கச் சொல்லி யாரும் என் வாசலுக்கு வரவேண்டாம்.