நல்லாத் தூங்குறாருங்க

துக்கம் விசாரிக்கப் போன வீட்டில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்துவிட்டு வருவதுதான் என் வழக்கம். போன வாரம் போத்தனூரில் அது முடியவில்லை.

இறந்தவர் ரங்கசாமி. எங்கள் பழைய வீதிக்காரர். வேலை பார்த்த காலமெல்லாம் ஸ்பின்னிங் மில்லில், பஞ்சு பிரிக்கும் பகுதியில்தான். மில்லை விட்டு வந்தாலும் பஞ்சுத் தூசி அவர் நெஞ்சை விட்டுப் போகவில்லை. மூச்சு குறைந்ததே தவிர, கோபம் குறையவில்லை. மதியத் தூக்கத்தில் அவரை எழுப்பிவிட்டுத் திட்டு வாங்காதவர்கள் எங்கள் வீதியில் கிடையாது.

அவருடைய மகன் மனோகரன் வாசலில் நின்று, வருகிற எல்லோரிடமும் ஒரே விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

“அப்பா மூச்சுக்கு ரொம்பச் சிரமப்பட்டாருங்க. நான்தானுங்க ஆக்ஸிஜனைக் கூட்டி வெச்சேன். அப்புறம் நல்லாத் தூங்குனாருங்க. தூக்கத்துலயே போயிட்டாரு.”

“உன்ற கையால கடைசியா ஒரு நல்லது செஞ்சுபோட்டே கண்ணு” என்று ஒரு பெரியவர் அவன் தோளைத் தட்டினார்.

அவர் இறந்த அன்று மதியம் நானும் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேனே...

மனோகரனுக்குக் குறிச்சிப் பக்கம் லேத் பட்டறை. பம்ப், மோட்டார் எதுவானாலும் கழற்றிப் பார்த்துவிடுவான். கோயமுத்தூர்க்காரனிடம் ஒரு திருகைக் காட்டி ‘தொடாதே’ என்றால் சும்மா இருப்பானா?

கட்டிலுக்கு மேலே சுவரில் ஆக்ஸிஜன் மீட்டர். கண்ணாடிக் குழாய்க்குள் சின்ன உருண்டை ஒன்று மிதக்கும். நர்ஸ் அதை இரண்டில் நிறுத்தி, “இதைத் தொடாதீங்க” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஏன் என்று சொல்லவில்லை. இவனும் கேட்கவில்லை. அப்பா திணறுகிறார், மீட்டரில் இரண்டுக்கு மேலேயும் எத்தனையோ கோடு இருக்கிறது — எதற்கு இந்தக் கஞ்சத்தனம் என்று இவனுக்குத் தோன்றியிருக்கிறது. திருகிவிட்டான்.

திணறல் அடங்கியது. அப்பா கண்ணை மூடினார். மகன் நிம்மதியாக மருந்து வாங்கக் கீழே போனான்.

அப்போதுதான் நான் போய்ச் சேர்ந்தேன். நல்ல தூக்கம் போல என்று நினைத்து ஸ்டூலில் உட்கார்ந்தேன். பின்னாலேயே வந்த நர்ஸ் மீட்டரைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. உருண்டையை இறக்கிவிட்டு ரங்கசாமியின் தோளைப் பிடித்து உலுக்கினார். “ஐயா... ஐயா! கண்ணைத் திறங்க!”

திறக்கவில்லை. ஒரு திட்டுகூட விழவில்லை. எனக்கு அப்போதுதான் பயம் வந்தது.

டாக்டர்கள் ஓடி வந்தார்கள். என்னென்னவோ செய்து பார்த்தார்கள். சாயங்காலம் எல்லாம் முடிந்துவிட்டது.

மனோகரன் உள்ளே அப்பாவின் காலடியில் அழுதுகொண்டிருந்தபோது, வராந்தாவில் ஒரு டாக்டர் எனக்கு மட்டும் புரியும்படி சொன்னார். நுரையீரல் வருஷக்கணக்கில் பழுதான சிலருக்கு ஆக்ஸிஜன் அளவோடு போக வேண்டுமாம். மீறினால், வெளியே வர வேண்டிய கெட்ட காற்று உடம்பிலேயே தேங்கி மயக்கம் வருமாம். பார்க்கிறவர்களுக்குத் தூக்கம் போலவே இருக்குமாம். “ஏற்கெனவே மோசமாத்தான் இருந்தார். இதனாலதான்னும் சொல்ல முடியாது, இதனால இல்லைன்னும் சொல்ல முடியாது” என்றார்.

அந்த நர்ஸ் சுவரோரம் நின்று அழுதுகொண்டிருந்தார். “முன்னாடியே எழுப்பிப் பாக்கத்தானுங்க வந்தேன். ‘இப்பத்தான் தூங்குறாரு அம்மணி, எழுப்பாதீங்க’ன்னு அவரு மகன் அவ்வளவு தன்மையாச் சொன்னாருங்க. சரீங்கன்னு திரும்பிட்டேன். மீட்டரைக்கூடப் பாக்குலீங்க...”

நம் ஊர் மரியாதை உலகத்துக்கே தெரியும். அந்த அறையில் யாரும் யாரையும் கடிந்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு கண்டிப்பான குரல் இருந்திருந்தால்?

ஸ்கேன் என்றால் பயபக்தியோடு வரிசையில் நிற்கிறோம். மூச்சை எண்ணவும், எழுப்பிப் பேர் கேட்கவும் நர்ஸ் வந்தால் மட்டும் தொந்தரவு என்று முகம் சுளிக்கிறோம். ஆனால் நோயாளியின் உயிர் பல நேரம் அந்தத் தொந்தரவில்தான் இருக்கிறது.

சரி, துக்க வீட்டுக்கு வருகிறேன். மனோகரனிடம் சொல்வதா, வேண்டாமா? போனவர் போய்விட்டார். மகனுக்கு மிச்சமிருப்பது அந்த ஓர் ஆறுதல். அதையும் பிடுங்க நான் யார்? எழுந்துவிட்டேன்.

அப்போது உள்ளறையிலிருந்து இருமல் சத்தம்.

மனோகரனின் அம்மா. அவரும் அதே மில்லில் நூல் சுற்றியவர், அதே நெஞ்சு. கட்டிலுக்குப் பக்கத்தில், வீட்டில் வைத்துக்கொள்ளும் ஆக்ஸிஜன் மெஷின். அதே கண்ணாடிக் குழாய், அதே உருண்டை.

“அழுதழுது அம்மாவுக்கு மூச்சு வாங்குதுங்ணா. இருங்க, கொஞ்சம் கூட்டி வெச்சுட்டு வாரேன்.”

ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தேன். “தொடாதே மனோ.”

“ஏனுங்ணா?”

இந்தத் தடவை கேட்டுவிட்டான். முதலில் அம்மாவை நிமிர்த்தி, முதுகுக்குத் தலையணை வைக்கச் சொன்னேன். அவர்களுடைய டாக்டருக்குப் போன் போட்டோம். அளவைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம், இப்போதே வந்து பார்க்கிறேன் என்றார். அப்புறம் காரணத்தைச் சொன்னேன். மெஷின் தெரிந்தவன்... பாதியிலேயே புரிந்துகொண்டான். தன் கைகளைப் பார்த்தான்.

“அப்ப... அப்பா தூங்குலீங்களாண்ணா?”

டாக்டர் சொன்ன இரண்டையும் சொன்னேன். ‘இதனாலதான்னு சொல்ல முடியாது’ என்ற முதல் பாதி அவன் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. கட்டிலோரம் தரையில் உட்கார்ந்துவிட்டான். கொஞ்ச நேரத்தில் அம்மாவின் மூச்சு சீரானது. அழுத களைப்பில் கண் சொருகியது. சட்டென்று எழுந்து அவர் தோளைப் பிடித்து உலுக்கினான். “அம்மா! அம்மா!”

“எதுக்குடா இந்த உலுக்கு உலுக்கறே? மனுசி சித்த கண்ணசரக் கூடாதா?”

அந்தத் திட்டைக் கேட்டதும்தான் அவனுக்கு அழுகை வந்தது.

தூங்குகிற நோயாளியை எழுப்பச் சொன்னால் எழுப்பிவிடுங்கள். திட்டு விழுந்தால்... நீங்கள் கொடுத்து வைத்தவர்!