கல் வைத்த வரிசை

குமராட்சிப் பக்கம் மங்கலம் என்றால் வரிசை. நடவுக்கு ஆள் பிரிப்பதோ, ரேஷன் கடையோ, அவள் ஒரு அதட்டல் போட்டால் ஆம்பளைகளும் ஒதுங்கி நிற்பார்கள். கொள்ளிடத்துத் தண்ணீர் ஊருக்குள் வந்த வாரம், நிவாரண அரிசிக்கும் அவள்தான் வரிசை போட்டாள். விடிந்ததிலிருந்து யார் கால்கடுக்க நிற்பது? ஆளுக்கொரு கல், பை, செருப்பு என்று இடம் போட்டுவிட்டு மரத்தடியில் உட்கார்ந்தார்கள். நடக்க முடியாத கிழவர் ஆண்டியின் கைத்தடியைத்தான் மங்கலம் முதலில் வைத்தாள். யாரும் முணுமுணுக்கவில்லை.

லாரி வந்து வரிசையின் கடைசியில் நின்றது. "இங்கேருந்து வாங்க, சீக்கிரம்" என்றார் கூட வந்த அதிகாரி.

"சார், வரிசை அந்தப் பக்கம் ஆரம்பிக்குது. வண்டியக் கொஞ்சம் முன்னால எடுக்கச் சொல்லுங்க" என்றாள் மங்கலம்.

"எது வரிசை? வெறும் கல்லுதான் கெடக்குது" என்று ஒரு கல்லைக் காலால் தள்ளிவிட்டார் அந்த மகராசன். அப்புறம் என்ன, கண்ட பக்கமிருந்தெல்லாம் லாரியைப் பார்த்து ஓடினார்கள். லாரியோடு வந்த போலீஸ் லத்தியைச் சுழற்றியது. ஆண்டிக்குக் கை முறிந்தது. பாதி அரிசியோடு லாரி திரும்பிப் போய்விட்டது.

மறுநாள் ஓர் இங்கிலீஷ் பேப்பரில் படம் வந்தது. நடுவில், கத்தியபடி மங்கலம். அண்ணாமலை நகரில் இங்கிலீஷ் படிக்கும் மகள் சுவேதா போனில் காட்டினாள்.

"மேல என்னா போட்டிருக்கான்?"

"கேயாஸ்னு போட்டிருக்கும்மா. ஒரே களேபரம், ஒரு ஒழுங்கும் இல்லன்னு அர்த்தம். டிராபிக், வெள்ளம், கூட்டம், எல்லாத்துக்கும் இதத்தான் போடுவாங்க."

"யாரு பண்ணாங்கன்னு அதுல வருமா?"

"வராதும்மா. அது பாட்டுக்கு ஆயிடுச்சுங்கற மாதிரி."

"கல்லத் தள்ளுனவன் பேரு வரல, என் மூஞ்சி மட்டும் வந்துடுச்சா? நல்லா கண்டுபுடிச்சானுங்க வார்த்தைய."

ஊரும் அவளைத்தான் ஏசியது. 'இவ கல்லு வைக்கச் சொன்னதாலதான் அரிசி போச்சு' என்றார்கள்.

அடுத்த லாரி வந்தபோது, "மங்கலம், வரிசை போடு" என்று யாரோ கத்தினார்கள். அவள் காதிலேயே வாங்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, முழங்கையால் இடித்துத் தள்ளி முதல் பையை வாங்கினாள்.

கூட்டத்தை விட்டு வெளியே வந்தால், கட்டுப் போட்ட கையோடு ஆண்டி. கைத்தடியைத் தரையில் ஒழுங்காக வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"நான்தான மொதல்ல, மங்கலம்?" என்று கேட்டார்.