மூஞ்சி யாருடையது என்று கேட்ட எஸ்தர் அக்கா

சாத்தாங்காட்டில் லாரியில் இரும்புத் தகடு ஏற்றிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "எஸ்தர் அக்கா பூடுச்சு." அழுகைக்கு முன்னால் எனக்குப் பயம்தான் வந்தது. இனி என் மகளின் படம் யார் கையில்?

அக்காவை அறிந்தவர்களுக்கு அவர் வரைந்த அந்த ஓவியமும் தெரிந்திருக்கும். ராயபுரத்தில் அவர் வீட்டு மொட்டைமாடி, தலை துவட்டும் பெண், பின்னால் துறைமுகத்து கிரேன்கள். அந்தப் பெண் என் மகள். அக்கா கேட்டார், அவள் சம்மதித்து உட்கார்ந்தாள்.

கண்காட்சியில் அதைப் பார்த்த ஷாம்பு கம்பெனிக்காரர் ஒருவர், விளம்பரப் பலகைக்குக் கேட்டு அக்கா வீட்டுக்கே வந்தார். பக்கத்து வீட்டுக்காரன் நானும் அங்கே இருந்தேன். ஒன்பதாவது தாண்டாதவன், ஊரெல்லாம் மகள் முகம் என்றதும் தலை கிறுகிறுத்தது. என்னுடைய அந்தத் தலையில் ஷாம்பு போட ஒரு முடிகூட இல்லை என்பது வேறு விஷயம். "தாராளமா போடுங்க சார்" என்றேன்.

அக்கா தூரிகையைக் கீழே வைத்தார். "நீ யாரு நைனா தாராளமா குடுக்க? படம் என்னுது, மூஞ்சி அவளுது. உன்னுது இன்னா கீது இதுல?"

"பெத்தவன்கா..."

"மஞ்சத்தண்ணிக்குத் தெருமுக்குல அவ மூஞ்சியப் பேனரா கட்னியே, அத்த அவுக்கற வரைக்கும் புள்ள வூட்ட வுட்டு வெளிய வரல. அப்பவும் பெத்தவன்தான?"

மகளைக் கூப்பிட்டுக் கேட்டார். "வேணாம் அத்தே" என்றாள். கம்பெனிக்காரருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டார்.

இப்போது படத்தின் உரிமை அக்காவின் தம்பிக்கு. அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்து வாசலில் என்னிடம் வந்தார். "அந்த ஷாம்பு கம்பெனி மறுபடி கேட்டுகினு கீது. படம் இப்ப என்னுது, காதுல போட்டு வெக்கறேன்."

"படம் உங்களுதுதாண்ணே. மூஞ்சி அவளுது. அவளக் கேளுங்க." இரும்பு சுமக்கிறவன் குரல் எலிக்குஞ்சு போல வந்தது.

"பாக்கலாம்" என்று போய்விட்டார். இன்னும் பதில் இல்லை. எண்ணூர் நெடுஞ்சாலையில் புதுப் பலகைக்குச் சாரம் கட்டினாலே வண்டியை ஓரங்கட்டுகிறேன். விளம்பரத் துணி விரிந்து, வேறு யாரோ ஒரு முகம் தெரிந்த பிறகுதான் மூச்சு விடுகிறேன். அந்த முகத்துக்காரியிடமாவது யாராவது கேட்டிருப்பார்களா?

அக்காவிடமிருந்து நான் எடுத்துவைத்துக்கொண்டது அந்தக் கேள்வி ஒன்றைத்தான். இதை எழுத உட்காரும்முன் மகளிடம், "உன் பேரைப் போடட்டுமா?" என்றேன்.

"அத்தையப் பத்தி எழுதுப்பா. என் பேரு வேணாம்."

போடவில்லை.