சகலையும் முப்பத்தொன்றரை டிகிரியும்

என் சகலையைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதுவது எனக்குக் கஷ்டமான காரியம். எழுதாமல் இருப்பது அதைவிடக் கஷ்டம். அவன் என் மனைவியின் தங்கை புருஷன், என்னைவிட ஆறு வயது சின்னவன், குளிர்பதனக் கிடங்கில் மெக்கானிக். இதெல்லாம் ஒரு குற்றமா? இல்லை. அவன் வீட்டுப் பாம்பு வருஷா வருஷம் முட்டையிடுகிறது, என் வீட்டுப் பாம்பு மூன்று வருஷமாக முயன்றும் ஒன்றுகூட இடவில்லை. அதுதான் அவன் செய்த குற்றம்.

பால் பைத்தான் என்று ஒரு சாதி மலைப்பாம்பு. மிரண்டால் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு பந்துபோல் சுருண்டுவிடும், இங்கிலீஷ் 'பால்' அதனால்தான். விஷம் கிடையாது, சத்தம் கிடையாது, நாற்றமும் அநேகமாகக் கிடையாது. பெயரைக் கேட்டுவிட்டு என் மாமியார் இன்றுவரை அது பால் குடிக்கிற பாம்பு என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார். நான் பெயின்ட் கடையில் கலர் கலந்து கொடுப்பவன். தேன் நிறம், வெண்ணெய் நிறம், காப்பிக்கொட்டை நிறம் என்று இந்தப் பாம்புகளில் வரும் கலர்களுக்காகத்தான் எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஆணையும் ஒரு பெண்ணையும் வாங்கினேன். குடும்பத்தில் முதலில் பாம்பு வளர்த்தவன் நான். இதை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

சகலை ஒரு லீவு நாளில் சாப்பிட வந்தவன். சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டே என் அறைக்குள் எட்டிப் பார்த்து, "அண்ணே, இதுக்கு எத்தனை டிகிரி வைக்கிறீங்க?" என்று கேட்டான். கலரைப் பார்க்கவில்லை, கண்ணைப் பார்க்கவில்லை, டிகிரியைக் கேட்டான். எனக்கு அப்போதே சுருக்கென்றது. அடுத்த மாதம் அவன் வீட்டிலும் ஒரு ஜோடி வந்து உட்கார்ந்தது. அடுத்த சீசனில் ஆறு முட்டை.

எரிச்சலில் அவனுக்கு 'தெர்மாமீட்டர்' என்று பட்டப்பெயர் வைத்தேன். அது அவனுக்குப் பட்டம் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. சொந்தக்காரர்கள் தங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் சரியாகக் குளிரவில்லை என்றால் "தெர்மாமீட்டரைக் கூப்பிடு" என்கிறார்கள். அவனும் சிரித்துக்கொண்டே போகிறான். எதைத் தொட்டாலும் உள்ளங்கையால் தொடமாட்டான், புறங்கையால்தான் தொடுவான். டம்ளர், சுவர், பஸ் ஜன்னல், பிள்ளைகளின் நெற்றி, எல்லாம் புறங்கைதான். தொட்டுவிட்டு ஒரு எண் சொல்வான். கருவியை வைத்துப் பார்த்தால் அரை டிகிரிகூடத் தள்ளியிருக்காது. இப்படி ஒரு மனிதனை எப்படிச் சகித்துக்கொள்வது?

போன வருஷக் கடைசியில் என் மனைவி ஒரு தீர்மானத்துக்கு வந்தாள். அவளுடைய தையல் மெஷின் ஹாலில் கிடக்கிறது, நடக்கிறவர்கள் கால் எல்லாம் அதில் இடிக்கிறது. "இந்த சீசன் பாப்பேன். முட்டை வரலைன்னா அந்த அறையைக் காலி பண்ணுங்க. பாம்பைத் தங்கச்சி வீட்ல குடுத்துடுங்க. அங்கயாவது நல்லா இருக்கும்" என்றாள்.

அங்கேயாவது! ரோட்டில் விடு என்று சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. எட்டு வருஷமாக நான் வளர்த்த பெரியவளை (என் பெண் பாம்பை அப்படித்தான் கூப்பிடுவேன்) அவன் பாம்பு வைத்திருக்கும் பிளாஸ்டிக் டிராயரில் நினைத்துப் பார்த்தேன். வயிறு எரிந்தது.

முட்டை வேண்டுமென்றால் முதலில் குளிர் காட்ட வேண்டும். குளிர்காலம் தொடங்கியதும் ராத்திரி வெப்பத்தை இருபத்தைந்துக்கு இறக்கி, பகலில் மட்டும் டிராயரின் ஒரு மூலையை முப்பத்திரண்டில் வைத்து, இப்படி இரண்டு மாதம். அந்த மாற்றத்தில்தான் பெண் பாம்பின் வயிற்றில் கரு வளரத் தொடங்கும். இடையிடையே ஆணை மூன்று நாள் உடன் விட்டு, பிறகு எடுத்துவிட வேண்டும். இது எனக்கும் தெரியும். ஆனால் எந்தத் தேதியில் தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்பதுதான் சூட்சுமம். சகலையைக் கேட்டால் உட்கார வைத்துச் சொல்லியிருப்பான். கேட்க என் வாய் வரவில்லை.

கேட்கவில்லை, திருடினேன். தங்கச்சியைப் பார்க்கணும் என்று மனைவி சொல்லும்போதெல்லாம் நானும் கிளம்பினேன். அவன் வீட்டு இரண்டாவது அறையில் பிளாஸ்டிக் டிராயர்களின் பக்கவாட்டில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். எந்தத் தேதியில் எத்தனை டிகிரி, எப்போது ஆண் உள்ளே, எப்போது வெளியே, எல்லாம் அதில் இருக்கும். அவன் டீ போட அடுப்படிக்குப் போகும் நேரத்தில் செல்போனில் படம் எடுத்துக்கொள்வேன். வீட்டுக்கு வந்து அதே தேதி, அதே எண். அவன் ஆணை விட்டால் நானும் விட்டேன், அவன் எடுத்தால் நானும் எடுத்தேன். பெரியவளின் வயிற்றை நான் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. தாளில்தான் எல்லாம் இருக்கிறதே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் வீட்டிலிருந்து போன். ஏழு முட்டை. பார்க்கப் போகாவிட்டால் பொறாமை என்று நினைத்துவிடுவான். ஆகவே பொறாமையோடேயே போனேன். முட்டைகளை ஒன்றோடு ஒன்று ஒட்டியபடியே, புரட்டாமல், இன்குபேட்டருக்குள் வைத்துக்கொண்டிருந்தான். முப்பத்தொன்றரை டிகிரி. அதற்கு மேலே போகக்கூடாது, கீழேயும் இறங்கக்கூடாது, இரண்டு மாதம் அப்படியே நிற்க வேண்டும். "உங்க பாம்பு எப்படிண்ணே?" என்றான். "அதுவும் நாளைக்கோ நாளன்னிக்கோ" என்று அளந்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்குள் காலை வைத்ததும் மனைவி, "என்னங்க, பெரியவ நடு வயிறு திடீர்னு உப்பிக் கிடக்கு, ஏதோ முழுங்கின மாதிரி. வந்து பாருங்களேன்" என்றாள்.

"ஆமா, நீ ஒருத்திதான் பாக்கி. வேலையைப் பாரு" என்று கத்தினேன். அவன் வீட்டு ஏழு முட்டையும் கண்ணுக்குள்ளேயே நின்றன. மறுநாள் போய்ப் பார்த்தேன். உப்பலும் இல்லை, ஒன்றும் இல்லை. பார்த்தாயா, சும்மா சொல்கிறாள் என்று நினைத்தேன்.

பிறகு பெரியவள் தோல் உரித்தாள். வழக்கமாக உரிப்பதுதானே என்று சுருட்டிக் குப்பையில் போட்டேன். அவன் தாளின்படி முட்டை வரவேண்டிய நாள் போய் ஒரு வாரம் ஆனது, மூன்று வாரம் ஆனது, ஐந்து வாரமும் ஆனது. மனைவி தையல் மெஷினைத் துடைத்து வைத்தாள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு பழைய தலையணை உறையில் பெரியவளைப் போட்டுக் கட்டி, மனைவியையும் கூட்டிக்கொண்டு, ஆட்டோ பிடித்து அவன் வீட்டில் இறங்கினேன்.

"இந்தா தம்பி. மலடு. நீயே வச்சுக்கோ."

அவன் உறையை அவிழ்த்து, பெரியவளைக் கையில் ஏந்தி, வயிற்றின் அடியில் விரலை மெதுவாக ஓட்டினான். அவன் முகம் மாறியது.

"அண்ணே, இவ எப்ப உப்பினா?"

"உப்பவே இல்ல."

"உப்பினாளே!" என்றாள் மனைவி. "உங்க வீட்ல முட்டை போட்ட ஞாயித்துக்கிழமை. நான் சொன்னேன், இவருதான் எரிஞ்சு விழுந்தாரு."

"அது ஒரு நாள்தாங்க்கா இருக்கும். அன்னிக்குத்தான் கரு இறங்குது. தோல் உரிச்சாளா?"

"உரிச்சு பதினேழு நாள் ஆச்சு" என்றாள். எனக்கு அந்தக் கணக்கும் தெரியாது.

விரல் மடக்கி எண்ணினான். "அப்ப இன்னும் ரெண்டு வாரத்துல முட்டை. அண்ணே, இவளைப் போய் மலடுங்கிறீங்களே!"

அப்படியானால் ஏன் இத்தனை தாமதம் என்று கேட்டேன். தெர்மாமீட்டர் எங்கே மாட்டியிருக்கிறீர்கள் என்றான். ஜன்னல் பக்கம் என்றேன். டிராயர்கள்? எதிர்ச் சுவரில். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன? லாண்டரி என்று சொல்லும்போதே எனக்கு விளங்கிவிட்டது. அங்கே துணி உலர்த்தும் மெஷின் விடியவிடிய ஓடும், சுவர் அடுப்புபோல் இருக்கும். ஜன்னல் ஓரத்தில் இருபத்தைந்து காட்டியபோது பெரியவள் இருபத்தெட்டில் சுகமாகப் படுத்திருந்தாள். நடுவில் அந்த மெஷின் பழுதாகி மூன்று வாரம் நின்றதே, அப்போதுதான் அவளுக்குக் குளிர்காலம் வந்திருக்கிறது.

அவன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். தாளைத் திருடியதையும் கண்டுபிடித்திருப்பான், அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "இந்த நிலைமையில மறுபடி அலைக்கழிக்க வேண்டாம், இங்கயே இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னான்.

பதிமூன்றாம் நாள் பெரியவள் எட்டு முட்டை இட்டாள். அவனுடையதைவிட ஒன்று கூட. அந்தச் சந்தோஷத்தை அனுபவிக்கக்கூட எனக்குக் கொடுத்து வைக்கவில்லை, முட்டைகள் இருந்தது அவன் வீட்டில், அவன் இன்குபேட்டரில். வீம்பில் நான் அந்தப் பக்கமே போகவில்லை. கடையில் ஒருவருக்கு ஹாலுக்கு அடிக்க வேண்டிய கலரைச் சமையலறைக்குக் கலந்து கொடுத்து முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

என் மனைவி போனாள். தினமும் போனாள். மூடியில் கோத்த நீரைத் துடைத்தாள், டிகிரியை நோட்டில் எழுதினாள், ஒரு நாள் கரண்ட் போனபோது வெந்நீர் பாட்டில்களைச் சுற்றி வைத்து வெப்பம் இறங்காமல் பிடித்தாள். "அக்கா புறங்கையை வச்சாங்கன்னா கரெக்டா சொல்லிடுறாங்கண்ணே" என்று சகலை போனில் பூரித்தான். நான் ம் கொட்டினேன்.

ஐம்பத்தெட்டாம் நாள் கடைக்குப் போன் வந்தது. லீவு சொல்லிவிட்டு ஓடினேன். எட்டு முட்டையிலும் கீறல். ஐந்தில் தலை வெளியே வந்துவிட்டது, உளுந்தளவு மூக்கு, ஈரமான கண். அதில் ஒன்று வெண்ணெய் நிறம். எட்டு வருஷம் நான் காத்திருந்த நிறம். மனைவியும் சகலையும் பெட்டியின் முன்னால் தரையில் உட்கார்ந்து ஏதோ கிசுகிசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு இடம் விட யாருக்கும் தோன்றவில்லை. நின்றுகொண்டே பார்த்தேன்.

குட்டிகள் முழுசாக வெளியே வந்து முதல் தோல் உரித்த பிறகு, எல்லாவற்றையும் எடுத்துப் போகச் சொல்லிவிட்டான். எப்போது தீனி, எத்தனை டிகிரி, எல்லாம் என் மனைவியிடம்தான் சொன்னான். "அண்ணே, நீங்க கொஞ்சம் கதவைப் புடிச்சுக்கோங்க" என்றான். பிடித்துக்கொண்டேன்.

ஆட்டோவில் பெரியவள் மனைவியின் மடியில் இருந்தாள். ஒருவழியாக மூச்சு விட்டு, "முட்டை வந்தாச்சுல்ல? அப்ப அறையும் பாம்பும் எனக்குத்தானே" என்றேன்.

"தையல் மெஷின் ஹால்லயே இருக்கட்டும். அறைல டிராயரை எல்லாம் நான் சுவர் மாத்தி வைக்கணும்" என்றாள்.

"நீ எதுக்கு? பெரியவ என் பாம்பு."

அவள் மடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீங்க மலடுன்னு குடுத்துட்டு வந்துட்டீங்க. நான்தான் போய் வாங்கிட்டு வரேன்" என்றாள்.

பெரியவள் அவள் மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு தூங்கினாள். என்னிடம் ஒருநாளும் அப்படிப் படுத்ததில்லை.